பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்

இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் ஏராளமாகத் தோன்றி, ஆண்டுக்கு ஆண்டு பெருத்து, நல்ல திசுவை நெருக்கி அழிப்பதே சிறுநீரக நீர்க்கட்டி நோய். வயதானவர்கள் பலருக்கு ஸ்கேனில் தெரியும் ஒன்றிரண்டு சாதாரணக் கட்டிகள் இதில் சேரா. பெரியவர்களுக்கு வரும் வகைக்குப் பெரும்பாலும் 16ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி1 மரபணு பழுதாவதே காரணம். 4ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி2 பழுதானால் நோய் சற்று மெதுவாக முற்றும். தாய், தந்தையரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு.

இந்த நோயில் பலரை ஏமாற்றுவது ரத்தப் பரிசோதனைதான். 10, 12 செ.மீ. நீளம் இருக்க வேண்டிய சிறுநீரகம் 20 செ.மீ. தாண்டி வளர்ந்திருக்கும், எஞ்சிய திசு கூடுதலாக உழைப்பதால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு மட்டும் பல ஆண்டுகள் சரியாகவே இருக்கும். அந்த ஓர் எண்ணை நம்பி இருந்துவிடக் கூடாது. பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது உயர் ரத்த அழுத்தம், அதுவும் இளம் வயதிலேயே. விலாவலி, சிறுநீரில் ரத்தம், கல், நோய்த்தொற்று ஆகியவையும் வரலாம்.

நோயைக் கண்டறிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே பெரும்பாலும் போதும். பெற்றோருக்கு நோய் இருந்தால், 15 முதல் 39 வயது வரை இரு சிறுநீரகங்களிலும் சேர்த்து 3 கட்டிகள், 40 முதல் 59 வரை ஒவ்வொன்றிலும் 2, அறுபதுக்கு மேல் ஒவ்வொன்றிலும் 4 இருந்தால் நோய் உறுதி. இளம் வயதில் ஸ்கேன் சுத்தமாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றாகிவிடாது. ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ., மரபணுப் பரிசோதனை செய்வார்கள். குடும்பத்தில் யாருக்காவது மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த நோயாளிகளுக்கு அந்த ஆபத்து அதிகம்.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே சிகிச்சையின் முதுகெலும்பு. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு தினமும் தட்டில் இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். வேகமாக முற்றும் நிலையில் இருப்பவர்களுக்கு டோல்வாப்டான் மருந்து உதவும். அது சிறுநீரகம் பெருத்துக்கொண்டே போவதை மெதுவாக்கி, செயலிழப்பைத் தாமதப்படுத்தும். ஓயாத தாகமும் சிறுநீர்ப் போக்கும் அதன் விலை. கல்லீரலை ரத்தப் பரிசோதனையால் கண்காணிக்க வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் அல்லது மாற்று அறுவை சிகிச்சை. மாற்றிய சிறுநீரகத்தில் இந்தக் கட்டிகள் மீண்டும் வருவதில்லை. தானம் தர முன்வரும் உடன்பிறந்தவருக்கும் இதே நோய் மறைந்திருக்கலாம் என்பதால், முதலில் அவரைப் பரிசோதிப்பது கட்டாயம்.