வலி என்னும் காவல்காரன்

தொழுநோய்க் கிருமியைக் கொல்ல மருந்து உண்டு. செத்த நரம்பை எழுப்ப ஒரு புரதத்தை நம்பினார்கள் விஞ்ஞானிகள்.

தாராவியின் ஒற்றை அறை வீட்டில், ஸ்டவ்விலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறும் கையால் இறக்குகிறவருக்குச் சுடவில்லை என்றால், அது பழக்கமாக இருக்கலாம். ஆபத்தாகவும் இருக்கலாம். தொழுநோய் கைநரம்பைத் தின்றிருந்தால், கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரியும். கொப்புளம் புண்ணாகும், புண் எலும்பு வரை இறங்கும். நோயாளிகள் விரல்களை இழப்பது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதால்தான் என்பதை உலகுக்குப் புரிய வைத்தவர், 1946ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட்.

மும்பைக்கு இந்த நோய் புதிதல்ல. கவனிப்பாரற்ற நோயாளிகளுக்காக 1890ல் மாதுங்காவில் தொடங்கப்பட்ட விடுதிதான் பின்னாளில் வடாலாவின் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை ஆனது. 1976ல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம், செம்பூரை அடுத்த சுனாபட்டியிலிருந்து தாராவியின் சந்துகளுக்குள் நுழைந்தது. 1980களில் பரவலான கூட்டு மருந்து சிகிச்சை கிருமியை ஒழித்தது. ஆனால் அதற்குள் மரத்துப்போன கைகள்?

நரம்புகள் தாமாக வாழ்வதில்லை. அவற்றை வளர்க்கவும் காக்கவும் உடல் சில புரதங்களைச் சுரக்கிறது. அவற்றில் மூத்தது ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’. 1950களில் இதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986ல் நோபல் பரிசு பெற்றார்கள். வலியை உணரும் மெல்லிய நரம்புகளுக்கு இதுதான் உணவு. நரம்போடு ஒட்டியே ஓடும் ரத்தக்குழாய்கள் புதிதாக முளைக்கவும் இது தூண்டுகிறது.

1994ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் பிரவீண் ஆனந்தும் சக ஆய்வாளர்களும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தொழுநோயாளிகளின் தோலில் இந்தப் புரதம் குறைந்துபோயிருக்கிறது என்பதே அதன் சாரம். அப்படியானால், குறைந்ததை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?

கொடுக்க வழியும் இருந்தது. மனித மரபணுவை வேறு உயிரணுவுக்குள் ஒட்டினால், அந்த உயிரணுவே புரதத் தொழிற்சாலையாகிவிடும். இன்சுலின் இப்படித்தான் தயாராகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியையும் அப்படியே தயாரித்து, கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தது அமெரிக்காவின் ஜெனன்டெக் நிறுவனம். 250 பேரிடம் நடந்த முதற்கட்ட சோதனை நம்பிக்கை தந்தது. 1,019 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2000ல் வெளியானபோது நம்பிக்கை சரிந்தது. வெறும் ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

காரணத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வலி நரம்பைக் காக்கும் இந்தப் புரதம் தானே வலியை உண்டாக்குகிறது. ஊசி போட்ட இடம் வலிக்கும். அளவைக் கூட்ட முடியாது. அந்தக் குறைந்த அளவு போதவில்லை என்பது வல்லுநர்கள் பலரின் கருத்து.

ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. அதே புரதம் கண் சொட்டு மருந்தாகி, 2018ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உணர்விழந்து புண்ணாகும் கருவிழிக்கான மருந்து அது. தொழுநோயும் கருவிழியை மரக்கச் செய்யும் நோய்தான். ஆனால் எட்டு வார சிகிச்சையின் அமெரிக்க விலை பல்லாயிரம் டாலர். தாராவிக்கு அது எட்டாக்கனி.

எட்டும் தூரத்தில் இருப்பவை எளியவை. தோலில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போவது. கூட்டு மருந்து அங்கே இலவசம். நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையால் உணர்வு திரும்ப வாய்ப்பு உண்டு. தாமதமானவர்களுக்கு மென்மையான ரப்பர் செருப்பு, பாத்திரம் இறக்கக் கைத்துணி, தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கம். காவல்காரன் போன வீட்டில், கண்தான் காவல் காக்க வேண்டும்.