தாயைப் பார்த்துச் சேவல் வாங்குங்கள்

அசில் என்னும் சண்டைக்கோழி இனத்தில் சேவல் வளர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் சேவலைப் பற்றியே விசாரிக்கிறார்கள். நிறம் கீரியா, காகமா, வல்லூறா, செவலையா? கால் தடிமன் எவ்வளவு? டீ ஆறுவதற்குள் அத்தனையும் கேட்டுவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அதன் தாயைப் பார்த்தீர்களா?

காரணத்தைச் சொல்கிறேன். குஞ்சின் பண்புகளில் பாதி தகப்பன் கொடுப்பது, பாதி தாய் கொடுப்பது. அது எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேலும் ஒன்று உண்டு. கோழியில் ஆண், பெண்ணை முடிவுசெய்யும் குரோமோசோம்களை இசட், டபிள்யூ என்பார்கள். மனிதருக்கு நேர் தலைகீழ்க் கணக்கு இது. சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரே ஒரு இசட், கூட ஒரு டபிள்யூ. அந்த ஒற்றை இசட்டைத்தான் ஒரு பெட்டை தன் சேவல் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய அப்படியே கொடுக்கிறது. பெட்டைக் குஞ்சு தன் இசட்டைத் தகப்பனிடமிருந்து மட்டும் பெறுகிறது. தாயைப் பார்த்துச் சேவல் எடு என்று பெரியவர்கள் சொல்லிவந்ததில் இவ்வளவு பொருள் இருக்கிறது.

ஜோடி சேர்க்கும்போதும் பெட்டையை மறந்துவிடுகிறோம். ஒரு சேவலுக்கு நான்கைந்து பெட்டை போதும். ஆனால் சேவலை மாற்றிய மறுநாளே புதுச் சேவலின் முட்டை கிடைத்துவிடாது. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூன்று வாரம் பொறுத்து, அதற்குப் பிறகு இடும் முட்டைகளை மட்டும் அவயத்துக்கு, அதாவது அடைவைக்க, எடுங்கள். இல்லையென்றால் எந்தக் குஞ்சுக்கு யார் தகப்பன் என்பதே தெரியாமல் போகும்.

அசில் பெட்டை முட்டைக்கென்று வளர்க்கும் கோழி அல்ல. வெள்ளை லெகார்ன் வருடத்துக்கு 300 முட்டைவரை இடும். அடைகாக்கும் குணம் அதற்குப் போய்விட்டது. அசில் ஓர் ஈட்டுக்குப் பத்து, பதினைந்து இட்டுவிட்டுக் அடைக்குக் கேர ஆரம்பித்துவிடும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். மணலோ உமியோ பரப்பிய கூடையில் பத்துப் பன்னிரண்டு முட்டையை வைத்து, பொழுது சாய்ந்தபின் பெட்டையை அதில் உட்கார வையுங்கள். சேர்த்துவைத்த முட்டைக்கு ஒரு வாரத்துக்கு மேல் வயதிருக்கக் கூடாது, கோடையில் அதைவிடவும் குறைவு. கூர்முனை கீழே இருக்கும்படி வைத்திருக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு இருக்கிறது. வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு வெளியே வரும். அதன்பிறகு பருந்துக்கும் பூனைக்கும் நடுவே அவற்றைக் காப்பாற்றுவது தாயின் வேலை. அசில் பெட்டையின் கோபம் அப்போதுதான் முழுசாகத் தெரியும்.

குஞ்சுக்குக் கரையானைப் போல ஒரு தீனி இல்லை. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் ஒரு கூட்டத்துக்குப் போதுமான புரதம் இருக்கும். வளர்ந்தவற்றுக்குக் கம்பும் சோளமும் கேழ்வரகும் போதும்.

இப்படி வளரும் அசிலின் மார்புச் சதைக்கு ஒரு பெரிய பயணமும் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கார்னிஷ் இனத்தை உருவாக்க, இங்கிருந்து போன அசிலைப் பயன்படுத்தினார்கள். இன்றைய பிராய்லரின் தகப்பன் வழியில் இருப்பது அந்தக் கார்னிஷ்தான்.

நான்கைந்து மாதத்தில் சேவல் குஞ்சுகள் மோத ஆரம்பிக்கும். ஒன்றையொன்று பார்க்காதபடி மறைத்து, தனித்தனியாகக் கட்டுங்கள். கயிறு காலை அறுக்கிறதா என்று தினமும் பாருங்கள். சண்டைக்கு விடவேண்டிய தேவை எதுவும் இல்லை. சேவல்களைத் தூண்டி மோதவிடுவது 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கிளிமூக்கு விசிறிவால் சேவலை அதன் முகத்துக்காகவும் வாலுக்காகவுமே வளர்த்துப் போற்றுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சேவலின் பெருமை அதன் ரத்தம் சிந்தாமலும் நிற்கும்.

சிறு பண்ணையில் வம்சம் கெடுவது பெரும்பாலும் நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர்ப்பதால்தான். அப்பனையும் மகளையும் சேர்த்தாலும் சரி, உடன்பிறப்புகளைச் சேர்த்தாலும் சரி, குஞ்சின் உள்ளினச் சேர்க்கை அளவு 25 சதவீதம். ஒரு நல்ல குணத்தை நிலைநிறுத்த ஒருமுறை அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அதையே தொடர்ந்தால் முட்டை கூழாகும், குஞ்சு நோஞ்சானாகும். நம்பிக்கையான இன்னொரு வளர்ப்பாளரிடம் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டை வழியை மட்டும் உங்களிடமே வைத்திருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் துடைத்துப்போடுவது வெள்ளைக் கழிச்சல் நோய். கழுத்து முறுக்கிக்கொண்டு பச்சையாகக் கழிய ஆரம்பித்தபின் காப்பாற்ற மருந்தே கிடையாது. முன்கூட்டியே தடுக்கத்தான் முடியும்: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் தடுப்பூசி. மருந்தை ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். வெயிலில் வந்த மருந்து தண்ணீருக்குச் சமம். சேவல் தேடப் போகும் முன், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல பெட்டையாகப் பார்த்து முதலில் வாங்குங்கள்.