பலகைத் தரை போடுமுன்...

அரபு நாட்டில் உழைக்கும் கணவர் அங்குள்ள வீடுகளில் பார்த்திருப்பார். கொழும்புக் கடைகளிலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்தால் தேக்குப் பலகை போலவே இருக்கும். விலையோ தேக்கின் விலையல்ல. 'நம் வீட்டுக்கும் இதையே போட்டால் என்ன?' என்ற ஆசை எலுவன்குளத்து இல்லத்தரசிக்கும் வரத்தான் செய்யும். ஆசைப்படுவதில் தவறில்லை, சகோதரிகளே. ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

லெமினேட் தரை உண்மையில் பலகையே அல்ல. மரநாரைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்த கனமான அட்டை அது. அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள்; அதற்கும் மேல் தேயாத மெலமைன் பூச்சு. சுவீடனின் பெர்ஸ்டோர்ப் நிறுவனம் 1977இல் இதை உருவாக்கியது. மேற்பூச்சு தண்ணீரைத் தாங்கும். துண்டுகள் ஒன்றோடொன்று கொளுவும் பொருத்து வழியே நீர் இறங்கினால், உள்ளே இருக்கும் அட்டை ஊதிவிடும். ஊதிய துண்டு காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

இங்கேதான் நமக்குச் சிக்கல். நம் வீடுகளில் தரை என்பது நடப்பதற்கு மட்டுமா? தொழுவதும் பிள்ளை தவழ்வதும் ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பதும் அதில்தான். பிள்ளை சிறுநீர் கழித்தால் வாளியோடு ஓடி வந்து ஊற்றிக் கழுவுவது நம் பழக்கம். பள்ளியில் ஒரு நாட்டுப்புற அரபி சிறுநீர் கழித்துவிட்டபோது, அதன்மேல் ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அது மண் தரை, நீரை உறிஞ்சிக்கொண்டது.

லெமினேட்டில் என்ன செய்வது? நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, முதலில் சிறுநீரை ஈரமில்லாமல் துடைத்தெடுத்துவிட்டால், பிறகு அந்த இடத்தின்மேல் ஒருமுறை நீரை ஓடவிட்டாலே போதும். நிறமும் வாடையும் எஞ்சியிருக்கக் கூடாது. பால் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையாயின் இடம் முழுதும் படும்படி நீர் தெளித்தால் போதும். ஆகவே வாளி வேண்டாம், ஒரு குவளை போதும். ஊற்றிய கையோடு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். வெறும் ஈரத்துணியால் ஒருமுறை இழுத்துவிட்டு 'சுத்தம்' என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது நிலத்தின் ஈரம். கடலோரம், உப்புக் கலந்த மணலில் கட்டிய சுவர் ஈரத்தை இழுக்கும். ஒரு மீற்றர் சதுரப் பொலித்தீனைச் சீமெந்துத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாளாவது விட்டுவையுங்கள். எடுக்கும்போது அடியில் நீர் முத்து முத்தாய் நின்றாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ இந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. கறையானுக்கும் இந்த அட்டை விருந்துதான்.

கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலம் மூழ்குவது எலுவன்குளத்தார் அறியாததல்ல. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தையும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வடிந்தபின் சீமெந்துத் தரையைக் கழுவி எடுக்கலாம்; லெமினேட்டைக் கழற்றி எறியத்தான் வேண்டும்.

மாடி அறைக்கோ, ஈரமேறாத படுக்கையறைக்கோ போடலாம். பெட்டிகளைப் பிரிக்காமல் அந்த அறையிலேயே இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். கீழே தடித்த பொலித்தீன், அதன்மேல் நுரை விரிப்பு. சுவரோரம் சுமார் 10 மில்லிமீற்றர் இடைவெளி கட்டாயம்; ஈரக் காலத்தில் தரை விரிய இடம் வேண்டுமல்லவா? இடைவெளியை ஓரச்சட்டம் மறைத்துவிடும். அவசரக்காரத் தச்சர்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

சமையலறைக்கும் வுளுச் செய்யும் இடத்துக்கும் வேண்டவே வேண்டாம். அங்கே டைல்ஸோ மெழுகிய சிவப்புச் சீமெந்தோ போடுங்கள். புத்தளம் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்டதே நம் பக்கத்து அருவக்காட்டில்தான். மரத் தோற்றமேதான் வேண்டுமென்றால், கற்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த எஸ்.பி.சி. துண்டுகள் கிடைக்கின்றன; நீர் பட்டால் அவை ஊதுவதில்லை. கடைக்காரரிடம் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.