காசுக் கணக்கும் கணினிக் கணக்கும்

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேண்டிய கணினி நிரல்களை, ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்திற்கு அமராமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்து கொடுப்போர் உளர். கணினி மொழி தெரிந்தால் இத்தொழிலுக்குப் போதும் என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அது பாதியே. மறுபாதி, பிறர் செய்யும் வேலையைக் கேட்டறிவது.

மளிகைக் கடைக்கு ரசீது போடும் நிரலைப் பார்ப்போம். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும் தொகை 5 காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. 1, 2 காசு விடுபடும். 3, 4, 6, 7 காசுகள் 5 ஆகும். 8, 9 காசுகள் 10 ஆகும். ஆனால், மொத்தத் தொகையைத்தான் இப்படிச் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளின் விலையையும் அல்ல. 1 வெள்ளி 98 காசுக்கு விற்கும் பொருள் மூன்று வாங்கினால் மொத்தம் 5 வெள்ளி 94 காசு. கட்ட வேண்டியது 5 வெள்ளி 95 காசு. ஒவ்வொன்றாகச் சரிசெய்தால் 6 வெள்ளி! நிரல் தடையின்றி ஓடும். வாங்குகிறவருக்கோ 5 காசு நட்டம். விதியைக் கேட்டறியாமல் எழுதியதால் வரும் பிழை இது.

இன்னொன்றும் உண்டு. கணினி எல்லா எண்களையும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் எழுதுகிறது. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று நாம் எழுதி முடிக்க முடியாததுபோல, 10 காசை 0.1 வெள்ளி என்று அம்முறையில் எழுதி முடிக்க முடியாது. சிறு பிசகு தங்கிவிடும். ஆகவே, தேர்ந்தவர் பலர் 1.98 வெள்ளியை 198 காசு என்று முழு எண்ணாகவே பதிந்து வைப்பர்.

இத்தகையவர் வேலையை எப்படித் தொடங்குகிறார்? முதலில் கடையில் நின்று பார்க்கிறார். 555 புத்தகத்தில் கடன் எழுதுவது யார், போட்ட ரசீதை நீக்கும் உரிமை யாருக்கு, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று கேட்கிறார். என்ன செய்து தருவார், எவ்வளவு கூலி என்பதை எழுத்தில் வைக்கிறார். சிறு பகுதியை முடித்து, கல்லாவில் இருப்பவரிடமே கொடுத்துப் பார்க்கிறார். சில வாரம் பழைய புத்தகத்தையும் புதிய நிரலையும் சேர்த்து நடத்தி, இரண்டு கணக்கும் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்க்கிறார். பதிவுகளுக்கு வேறிடத்தில் ஒரு நகலும் வைக்கிறார்.

பெற்றோரே, பைத்தான் போன்ற நிரல் மொழிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினி படிக்க விரும்பும் பிள்ளையிடம் வீட்டுச் செலவுக் கணக்கைக் கொடுங்கள். நிரல் சொல்லும் தொகையைக் கையாலும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறர் காசைத் தம் காசுபோல் எண்ணிப் பார்க்கும் பழக்கமே இத்தொழிலின் முதல் பாடம்.