பெங்களூருவில் சிங்கிளாக வசதியாக வாழ எவ்வளவு சம்பளம் தேவை? 12 லட்சம் பேக்கேஜில் கைக்கு வருவது என்ன?

"பெங்களூருல வேலை, 12 லட்சம் பேக்கேஜ்" என்றால் ஊரில் இன்றைக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. கேட்ட மறுநொடியே, மாதம் ஒரு லட்சம் என்று சொந்தக்காரர்கள் மனதுக்குள் வகுத்துப் பார்த்துவிடுவார்கள். ஆனால், அந்த ஒரு லட்சம் எந்த மாதமும் முழுசாக அக்கவுன்ட்டில் வந்து விழாது. அந்தப் பணத்தில் ஒருவர் தனி வீடு எடுத்து நிம்மதியாக இருக்க முடியுமா? முடியும். ஆனால், வேலையில் சேர்ந்த முதல் மாதமே முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. ஏன்?

முதலில், 'வசதி' என்றால் என்ன?

வார இறுதியில் கோரமங்களாவில் சாப்பிடுவது மட்டும் வசதி கிடையாது. வாடகை, சாப்பாடு, பயணம் போக வீட்டுக்குக் கொஞ்சம் பணம் அனுப்ப முடிய வேண்டும். அதன் பிறகும் கொஞ்சம் சேமிக்க வேண்டும். 25-ம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டைத் தேய்த்து மாதத்தை ஓட்டக் கூடாது. இந்த மூன்றும் நடந்தால்தான் வசதி. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாக் கணக்கும் இந்த அர்த்தத்தில்தான்.

12 லட்சம் எப்படிச் சுருங்குகிறது?

ஆஃபர் லெட்டரில் இருப்பது சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. மாதம் ஒரு லட்சம் சிடிசி, அதில் பாதி பேசிக், 10 சதவீதம் வேரியபிள் பே என்று வைத்துக்கொள்வோம்.

* வேரியபிள் பே: 10,000 ரூபாய். மாதா மாதம் வராது. முழுசாக வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.
* நிறுவனத்தின் பிஎஃப் பங்கு: 6,000 (பேசிக்கில் 12 சதவீதம்)
* கிராஜுவிட்டி: சுமார் 2,400. பொதுவாக ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் கைக்கு வரும்.
* உங்கள் பிஎஃப் பங்கு: 6,000
* கர்நாடகத் தொழில் வரி: 200

இதெல்லாம் போக கைக்கு வருவது சுமார் 75,400 ரூபாய். நல்லவேளையாக வருமான வரி இதில் கை வைக்காது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், மாதச் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை.

ஒரு விஷயம், பிஎஃப் போனதை நஷ்டமாக நினைக்க வேண்டாம். மாதம் 12,000 ரூபாய் உங்கள் பேரில்தான் சேர்கிறது. ஆனால், அதை வைத்து இந்த மாத வாடகை கட்ட முடியாது என்பதுதான் சிக்கல்.

இதே விகிதத்தில் 6 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் சுமார் 37,600 ரூபாய்தான் வரும்.

எப்படித் தங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி

பெங்களூருவில் உங்கள் செலவை முடிவு செய்வது கூரைதான். பிஜி, ஷேரிங் ஃபிளாட், தனி வீடு என்று மூன்று படிகள். கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள். ஏரியாவைப் பொறுத்து உங்கள் எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

1. பிஜி (இருவர் தங்கும் அறை, சாப்பாட்டுடன்)

வாடகை 11,000, வெளிச் சாப்பாடு 3,000, பயணம் 3,000, போன், துணிமணி, மருந்து வகையறா 3,500, ஊருக்குப் போய் வர 2,500, சினிமா, அவுட்டிங் 3,000. மொத்தம் 26,000. வீட்டுக்கு 8,000, சேமிப்பு 6,000 சேர்த்தால் 40,000 ரூபாய் கைக்கு வர வேண்டும். மேலே சொன்ன விகிதப்படி, சுமார் 6.4 லட்சம் பேக்கேஜ்.

2. ஷேரிங் ஃபிளாட் (32,000 வாடகையில் பாதி)

வாடகை 16,000, கரன்ட், கேஸ், இன்டர்நெட் 1,500, சாப்பாடு 8,000, பயணம் 3,500, சொந்தச் செலவு 4,000, ஊருக்கு 2,500, அவுட்டிங் 3,500. மொத்தம் 39,000. வீட்டுக்கு 10,000, சேமிப்பு 8,000 சேர்த்தால் 57,000. பேக்கேஜ் சுமார் 9.1 லட்சம்.

3. தனி வீடு (ஒரு பெட்ரூம்)

மெயின்டனன்ஸ் உட்பட வாடகை 24,000, பில்கள் 2,500, சாப்பாடு 9,000, பயணம் 3,500, சொந்தச் செலவு 4,500, ஊருக்கு 2,500, அவுட்டிங் 4,000. மொத்தம் 50,000. வீட்டுக்கு 10,000, சேமிப்பு 15,000 சேர்த்தால் 75,000. அதாவது, 12 லட்சம் பேக்கேஜ்.

பயணத்துக்கு 3,500 ஆகுமா என்று கேட்கலாம். 2025 பிப்ரவரி கட்டண உயர்வுக்குப் பிறகு நம்ம மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாய். நீங்கள் ஒரு வழிக்கு 40 ரூபாய் தூரம்தான் போகிறீர்கள் என்றாலும், 22 வேலை நாளுக்கு 1,760 ஆகிவிடும். ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸ் போக ஆட்டோ. அதன் குறைந்தபட்ச மீட்டர் கட்டணம் 36 ரூபாய், போக வர மாதம் 1,584. ஆப்பில் புக் செய்தால் பல நேரம் அதற்கு மேல்தான் காட்டும். இரவு தாமதமாக முடியும் வேலை என்றால், குறிப்பாகப் பெண்களுக்கு, கேப் செலவு தனி. அதைத் தவிர்க்க முடியாத செலவாகத்தான் எழுத வேண்டும்.

சம்பளம் போதும், அட்வான்ஸ்?

பலரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். பெங்களூருவில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது பலர் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். ஐந்து மாதம் என்றே வைத்துக்கொள்வோம்.

24,000 ரூபாய் வீட்டுக்கு அட்வான்ஸ் 1,20,000. முதல் மாத வாடகை 24,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 24,000. மெத்தை, கேஸ் அடுப்பு, பக்கெட், பாத்திரம் என்று 25,000. மொத்தம் 1,93,000 ரூபாய். முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும்.

இந்த இடத்தில்தான் ஒரே 12 லட்சம் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஆகிறது. அப்பாவிடம் வாங்கிக்கொள்ள முடிகிறவருக்கு அது 12 லட்சம். முடியாதவர் பர்சனல் லோன் எடுக்கிறார், அவருடைய சேமிப்புத் தொகை இஎம்ஐ-யாகப் போகிறது. கல்விக் கடனும் இருந்தால் கேட்கவே வேண்டாம். காலி செய்யும்போது பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இங்கே சகஜம்.

மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால், அது மாதிரிதான். மாநிலங்கள் தங்கள் சட்டமாக ஏற்றால்தான் செல்லுபடியாகும்.

அப்போ என்ன செய்யலாம்?

* முதல் ஆறு மாதம் பிஜி. 12 லட்சம் பேக்கேஜ்காரர் பிஜி செலவில் இருந்து, வீட்டுக்கு 10,000 அனுப்பினாலும் மாதம் 39,000 மிஞ்சும். அட்வான்ஸுக்கான மொத்தத் தொகையும் ஐந்தே மாதத்தில் கடன் இல்லாமல் தயார்.
* தெரிந்தவர் காலி செய்யும் ஷேரிங் ஃபிளாட்டில் சேர்ந்தால் புரோக்கர் கமிஷன் மிச்சம். அவருடைய அட்வான்ஸ் பங்கைக் கொடுத்தால் போதும்.
* எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் ஓசூரும் ஒரு வழி. வாடகை குறையும். ஆனால், அத்திப்பள்ளி டிராஃபிக்கில் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
* மூன்று மாதச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள். தனி வீடு என்றால் 1.5 லட்சம். மாதம் 15,000 சேமித்தால் 10 மாதத்தில் சேர்ந்துவிடும். திடீரென்று வேலை போனால் ஊருக்குத் திரும்பாமல் அடுத்த வேலை தேட இந்தப் பணம்தான் டைம் கொடுக்கும்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் ஹெச்ஆரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மாதம் கையில் எவ்வளவு வரும்? வேரியபிள் எவ்வளவு, எப்போது வரும்? ஜாய்னிங் போனஸோ, இடம் மாறுவதற்கான படியோ உண்டா? கேட்கத் தயங்க வேண்டாம். பெங்களூருவில் முதல் மூன்று மாதத்தைக் கடனோடு தொடங்குவதா, கடன் இல்லாமல் தொடங்குவதா என்பதை அந்த மூன்றாவது கேள்வியின் பதில் முடிவு செய்யலாம்.