அசையாமல் நின்ற பாரிஸ்

1871 மே கடைசியில் பாரிஸ் கம்யூன் வீழ்ந்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் நகரைத் தன் கையில் வைத்திருந்த அந்த மக்கள் எழுச்சியை, மே 21 முதல் 28 வரை ஒரே வாரத்தில் வெர்சேயிலிருந்த பிரெஞ்சு அரசின் படை நசுக்கிவிட்டது. பின்வாங்கிய கம்யூன்காரர்கள் வைத்த தீயில் துய்லரி அரண்மனையும் நகரசபைக் கட்டடமும் வெறும் சுவர்களாயின. தெருக்கள் அடங்கியதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள் ஒளிப்படக்காரர்கள். அவர்களில் ஒருவரான அல்ஃபோன்ஸ் லியேபேர், பாரிஸ் இடிபாடுகளுக்கென்றே ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள், படங்கள் நன்றாகவே விற்றன.

அன்றைய கேமரா இடிபாடுகளுக்காகவே செய்தது போன்ற ஒரு கருவி. 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறைதான் அப்போது வழக்கத்தில் இருந்தது. வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கல்லோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் கிடைக்கும். காயத்தின் மேல் பூசி மூடவும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். இதில் அயோடைடு உப்பைக் கலந்து, கண்ணாடித் தகட்டின் நடுவில் ஊற்றி, ஆப்பச் சட்டியைச் சுழற்றுவதுபோல் நாலு மூலைக்கும் ஓடவிட வேண்டும். மிச்சத்தை ஒரு மூலை வழியாகப் புட்டியிலேயே வடித்துவிடலாம். பிறகு இருட்டில் சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்டக் கேமராவில் செருக வேண்டும். ஈதர் ஆவியாகித் தகடு காய்ந்துவிட்டால் படம் விழாது. கழுவி எடுப்பது வரை எல்லாவற்றையும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஒளிப்படக்காரர் போகும் இடமெல்லாம் ஓர் இருட்டுக் கூடாரமும் கூடவே போயிற்று.

இவ்வளவு பாடுபட்டும், தகட்டில் ஒளி பதியப் பல விநாடிகள் பிடிக்கும். நடந்துபோகிறவர் மங்கலான கறையாக விழுவார், அல்லது விழவே மாட்டார். கருகிய சுவருக்கு என்ன அவசரம்? கல்லின் வெடிப்பும் சன்னல் ஓட்டை வழியே தெரியும் வெள்ளை வானமும் துல்லியமாகப் பதிந்தன. வானம் அப்படி வெளுத்துப்போனதற்கும் காரணம் உண்டு: கல்லோடியன் நீல ஒளியை விழுங்கும், சிவப்பை ஏறக்குறைய காணாது. இந்தப் படங்களில் பாரிஸ் ஆளில்லாத ஊராகத் தெரிவதில் பாதி, தகட்டின் மந்தத்தால் வந்தது என்றே நினைக்கிறேன்.

கம்யூன் நடந்துகொண்டிருந்தபோதே படமெடுத்தவர் புரூனோ பிராக்கே. காது கேளாதவர். மே 16இல் வாந்தோம் சதுக்கத்துத் தூணைக் கம்யூன்காரர்கள் சாய்த்தபோது, அதன் உச்சியிலிருந்து விழுந்து கிடந்த நெப்போலியன் சிலையைச் சுற்றி நின்றவர்களைப் படமெடுத்தார். அவர்கள் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அதனாலேயே முகங்கள் தெளிவாக விழுந்தன. ஆட்களை அடையாளம் காண இத்தகைய படங்கள் பிறகு காவல்துறைக்கு உதவின.

கம்யூன் வீழ்ந்த அந்த ஒரு வாரத்தில் அரசுப் படையினர் பல்லாயிரம் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சுடும் கணத்தைப் பிடிக்கும் வேகம் ஈரத்தகட்டுக்கு இல்லை. அந்தக் குறையை எழேன் அப்பேர் என்ற ஒளிப்படக்காரர் கத்தரிக்கோலால் தீர்த்துக்கொண்டார். கம்யூன் தன் பிணைக்கைதிகளைச் சுட்ட காட்சியை நடிகர்களை நிற்கவைத்து எடுத்து, உண்மையான ஆட்களின் தலைகளை வேறு படங்களிலிருந்து வெட்டி ஒட்டினார். ‘கம்யூனின் குற்றங்கள்’ என்று அந்தத் தொடருக்குப் பெயரும் வைத்தார். தெருவோரங்களில் படையினர் சுட்டுத்தள்ளியதற்கு அவர் நடிகர்களைத் தேடவில்லை.