காட்டேரிக்கும் உண்டு எல்லைக்கோடு!

ரத்தக்காட்டேரின்னா என்ன பண்ணும்? ராத்திரி வரும், கழுத்தைக் கடிக்கும், போய்ட்டே இருக்கும். ஆனா, ஸ்டெஃபனி மேயர் 2005-ல் எழுதிய 'ட்வைலைட்' நாவலில் வரும் கல்லன் குடும்பம் வேற ரகம் பாஸ்! மனுஷ ரத்தத்தைத் தொடாது. மான், மலைச் சிங்கம்னு வேட்டையாடியே வயித்தைக் கழுவும். எட்வர்ட் - பெல்லா காதலுக்கு உருகினது போதும். இந்தக் குடும்பம் மத்த கோஷ்டிகளை எப்படிப் பார்க்குதுன்னு ஒரு ரவுண்டு வருவோமா?

வோல்டூரி: மரியாதை உண்டு, நம்பிக்கை இல்லை!

இத்தாலியின் வோல்ட்டெரா நகரில் உட்கார்ந்துகொண்டு காட்டேரி உலகத்துக்கே சட்டம் போடும் கும்பல். 'நம்ம ரகசியம் வெளியே கசியக்கூடாது' என்பது முதல் சட்டம். மீறினால் தலை தப்பாது. கல்லன் குடும்பத் தலைவர் டாக்டர் கார்லைல் ஒரு காலத்தில் இவர்களோடு தங்கியவர். இவர்களின் அறிவு மேல் அவருக்கு மதிப்பு உண்டு. ஆனா, வோல்டூரி தலைவர் ஆரோவுக்கு எட்வர்ட், ஆலிஸ் ரெண்டு பேரோட சக்தி மேலயும் ஒரு கண். சட்டத்தைக் காக்கிறவரே ஆள் பிடிக்க அலைஞ்சா பயம் வராதா?

டெனாலி: சொந்தம்தான், ஆனாலும்...

அலாஸ்காவில் வாழும் டெனாலி குடும்பமும் மனுஷ ரத்தம் தொடாத கோஷ்டி. கல்லன்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரி. 'எக்லிப்ஸ்' (2007) நாவலில் கல்லன்களைத் தாக்க சியாட்டிலில் ஒரு படை தயாராகுது. கார்லைல் டெனாலியிடம் உதவி கேட்கிறார். அவர்கள் கேட்கும் விலை, ஓநாய்களின் உயிர்! டெனாலி இரினாவின் காதலன் லாரன்ட்டைக் கொன்றது ஓநாய்கள்தானே! கார்லைல் முடியவே முடியாதுன்னுட்டார்.

ஓநாய்கள்: நாத்தம் உண்டு, நாணயமும் உண்டு!

லா புஷ் கடற்கரையில் வாழும் குவிலியூட் பழங்குடி இளைஞர்கள் நாவலில் ஓநாயாக மாறுவார்கள். ரெண்டு தரப்புக்கும் அடுத்தவங்க வாடையே ஆகாது. ஜேக்கப்புக்குச் சாப்பாடு போட ரோஸலி நாய்க் கிண்ணமே செஞ்சு வெச்ச ஆள்! ஆனாலும் ஜேக்கப்பின் கொள்ளுத்தாத்தா காலத்து ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு. கல்லன்கள் மனுஷங்களைக் கடிக்கக்கூடாது, குவிலியூட் மண்ணில் கால் வைக்கக்கூடாது. பதிலுக்கு அவர்கள் ரகசியத்தை ஓநாய்கள் வெளியே சொல்லாது. சொந்தக்காரர்களின் பழிவாங்கலைவிட, எதிரிக்குக் கொடுத்த வாக்கு பெருசுன்னு கார்லைல் நின்னாரே... அங்கேதான் இவர் ஹீரோ! கடைசியில் அதே ஓநாய்களோடு தோள் சேர்ந்துதான் ஜெயிக்கிறாங்க.

கதைக்கு வெளியே...

'குவிலியூட்' என்பதும் கற்பனைப் பெயர்னுதான் நானும் நினைச்சிருந்தேன். இல்லைங்க! அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிஜமாவே வாழும் மக்கள் அவர்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து உருமாறி வந்தவர்கள் என்பது அவர்களின் பூர்வகதை. காட்டேரி, ஒப்பந்தம் எல்லாம் நாவலாசிரியை சேர்த்த மசாலா. அவர்களின் நிஜ எதிரி சுனாமி! ஊர் கடலை ஒட்டி இருப்பதால், மேட்டு நிலத்துக்குக் குடிபெயர ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கர் தருவதற்கு 2012-ல் சட்டமே போட வேண்டியிருந்தது.

கற்பனைக் காட்டேரிகூட அனுமதியில்லாம அந்த எல்லைக்குள்ள கால் வைக்காது. ஆனா கதை எழுதினவங்களும், படிச்சு ரசிச்ச நாமளும் கேட்காமலே உள்ளே நுழைஞ்சுட்டோம். அடுத்த தடவை 'ட்வைலைட்' பார்க்கும்போது, ஓநாய்க்குப் பின்னால் இருக்கிற மனுஷங்களையும் கொஞ்சம் பாருங்க பாஸ்!